என்மேல் மோதாத வண்டி

அந்த வண்டி என்மேல் மோதவில்லை. நான்தான் அதன் முன்னால் போய் விழுந்தேன்.

இதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல வாய் வருகிறது.

ஈப்போவில் டாக்சி ஓட்டுகிறவன் நான். படிப்பு கிடையாது. பிறந்தது லகாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அங்கே ரப்பர் பால் ஏற்றிப் போகிற மாட்டு வண்டிக்காரர் ஒருவர் இருந்தார். தோட்டத்துத் துரை லாரி வாங்கிய அன்று, கள்ளைக் குடித்துவிட்டு அதன் முன்னால் கையை விரித்து நின்றார். பிள்ளைகள் நாங்கள் கைதட்டிச் சிரித்தோம். இதை எதற்குச் சொல்கிறேன்?... சரி, விடுங்கள்.

போன வருடம் எங்கள் பாதையில் டிரைவர் இல்லாத வேன் ஒன்று ஓட வந்தது. தோட்டத்தை மூடிய பிறகும் அங்கேயே குடியிருக்கிற ஜனங்களை ஏற்றி, ஈப்போ ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய் விடும். சோதனை ஓட்டம் என்றார்கள். கட்டணம் டாக்சிக் காசில் பாதிகூட இல்லை.

ஆளாளுக்கு அதில் ஒரு லாபம் இருந்தது. வேன் செட்டியாரின் மளிகைக் கடை வாசலில் நின்றதால் அவருக்கு வியாபாரம் கூடியது. தஞ்சோங் மாலிம் பக்கம் கார் செய்கிற வேலையில் இருக்கும் என் மருமகன், "இந்த மாதிரி வண்டி நெறைய வந்தா எங்களுக்கு ஓவர்டைம் கெடைக்கும் மாமா" என்று குதித்தான். வேன் கம்பெனிக்கு டிரைவர் சம்பளம் மிச்சம்.

பெரிய லாபம் பாக்கியத்துக்கு. நான் பிறந்த அதே தோட்டத்து லயத்து வீடுகளில் பிறந்தவள், புருஷன் இல்லாதவள். சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதுவரை என் டாக்சியில்தான் போய்வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணே. மிச்சமாகுற காசுல வாய்க்கு ருசியா ஏதாச்சும் வாங்கித் தின்பேன்லா."

எனக்கென்ன கோபம் என்றேன். பொய்! என் நிரந்தர வருமானமே அவள் ஒருத்திதான்.

டாக்சி ஸ்டாண்டில், கூட வண்டி ஓட்டுகிற முத்து வேறு சீண்டினான். "மணியம் அண்ணே, அந்த வேன் கடன் கேக்காது, பழைய கதை சொல்லி அறுக்காது. நானே அதுலதான் ஏறுவேன்லா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று காலை செட்டியார் கடையிலிருந்து தேயிலைத் தூள் பொட்டலத்தோடு வெளியே வந்தேன். வேன் மெதுவாக வந்துகொண்டிருந்தது. சாலையில் இறங்கினேன். கவனிக்காமல் இல்லை, தெரிந்தே இறங்கினேன். லேசாக என்னை உரசும், ஊர் பார்க்கும், அதோடு அந்த வேன் ஒழிந்துபோகும் என்று நினைத்தேன்.

அது நின்றது! ஒரு கை தூரத்தில், சத்தமே இல்லாமல். நான் ஓட்டியிருந்தால் அப்படி நிறுத்தியிருப்பேனா? மாட்டேன். அப்போது எனக்குப் பயம் வரவில்லை... அவமானம்தான் வந்தது. கால் தானாக மடங்கியதா, நான்தான் மடக்கினேனா? இத்தனை நாள் என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். நான்தான் மடக்கினேன்.

"அடிச்சிருச்சு! பெரியவர அடிச்சிருச்சு!" என்று யாரோ கத்தினார்கள். நான் மறுக்கவில்லை.

மறுநாள் கம்பெனிப் பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். நல்ல பிள்ளை. "அங்கிள், எங்க கேமராவுல வண்டி முன்னாடியே நின்னதுதான் தெரியுது. ஊருல யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"தெரியல தம்பி... தல சுத்துது" என்றேன்.

அவ்வளவுதான். மீதியை ஊரே பேசி முடித்தது. வேன் நின்றுபோனது.

பாக்கியம் என் டாக்சிக்குத் திரும்பி வந்தாள். ஆனால் மூன்று நாளுக்கும் டாக்சிக் காசு அவளுக்குக் கட்டுப்படியாகவில்லை. இரண்டு நாளாகக் குறைத்துக்கொண்டாள். கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. காசு வேண்டாம் என்று எத்தனை முறை சொன்னேன்! "சும்மா ஏத்திக்கிட்டுப் போக நான் என்ன மூட்டையா? நீங்களும் சாப்புடணும்லா" என்று காசைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கிவிடுவாள்.

போன வாரம் செட்டியார் சொன்னார், வேன் மறுபடியும் வரப்போகிறதாம். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? வாயைத் திறக்காமலே பாரம் இறங்கப்போகிறது என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை அவள் ஏறியதும் சொன்னேன்.

"பாக்கியம், வேன் திரும்ப வருதாம். இனிமே மூணு நாளும் போலாம்."

"வந்தா வரட்டும். ஒங்களக் கொல்லப் பாத்த வண்டியில நான் ஏறுவேனா? எனக்கு மனசு இல்லையா அண்ணே?"

சாலை விளக்கு சிவப்பாக இருந்தது. அது என்னை அடிக்கவில்லை என்று சொல்ல வேண்டிய நேரம் அதுதான்... நாக்கு நுனிவரை வந்தது.

"அது நல்லாத்தான் ஓடும் பாக்கியம்" என்று மட்டும் சொன்னேன்.

"அடி வாங்குன நீங்களே அதுக்குப் பரிஞ்சு பேசுறீங்க! ஒங்க நல்ல மனசு யாருக்கு வரும்?" முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பச்சை விழுந்தது. ஓட்டினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்துவிட்டேன். காசைக் கையில் வைத்தாள். வாங்கிக்கொண்டேன்.

"வியாழக்கெழம வேணாம் அண்ணே. சனிக்கெழம வாங்க."

"வாரேன்" என்றேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.