எனக்கு மட்டுந்தானுங்களா

ஒருவர் தன் துன்பத்தைச் சொல்லும்போது, 'எனக்கும் அப்படித்தான்' என்று இன்னொருவர் சொன்னால், அது பதிலாகுமா? பக்கத்து வீட்டு அக்கா எங்கள் மண்ணரைப் பகுதியை விட்டுப் போகும்வரை இதை ஒரு கேள்வியாகவே நான் நினைத்ததில்லை.

சமூகப்பணி படித்து முடித்த நானும் என்னோடு படித்த தோழியும், பனியன் தொழிலாளர்களுக்காக இணையத்தில் ஒரு கேள்வி–பதில் தளத்தைத் தொடங்கியிருந்தோம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. தையல் மெஷின் கோளாறு முதல் பிரசவ விடுப்பு வரை எதையும் கேட்கலாம். தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். நல்ல பதில்கள் சேர்ந்துவிட்டால் பின்னால் வருகிறவர்கள் தேடி எடுத்துக்கொள்வார்கள் என்பது எங்கள் எண்ணம். வந்தவையோ வேறு. காலைதோறும் ரோஜாப்பூப் படத்தோடு வணக்கங்கள். 'டைலர் வேணும், நாளைக்கே வரணும்' என்று சுவர் நோட்டீஸ் போலச் சில. ஓவர்லாக் மெஷினில் நூல் ஏன் அறுந்துகொண்டே இருக்கிறது என்று ஒருவர் கேட்டதற்கு, 'நெருப்பெரிச்சல் ஊர்ப்பக்கம் வந்தா கூப்புடுங்க, டீ குடிச்சிட்டே பாத்துக்கலாம்' என்று மற்றொருவர் பதில் எழுதினார்.

சிரித்துக்கொண்டேதான் இவற்றை நீக்குவோம்.

"இதையெல்லாம் உட்டுவெச்சா இது குட்மார்னிங் குரூப்பாயிரும் புள்ள," என்பாள் தோழி. "வெவரந் தேடி வர்றவங்க ரோஜாப்பூவப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருவாங்க."

அவள் சொன்னதில் தவறில்லை. இருவரும் உட்கார்ந்து விதிகளை எழுதினோம். கேள்வி எல்லோருக்கும் பயன்படும்படி பொதுவாக இருக்க வேண்டும். பதிலில் விவரம் இருக்க வேண்டும். 'ஆமாங்க', 'எனக்குந்தாங்க' என்பவை பதில்கள் ஆகா.

வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் அக்காவுக்கு அடுத்த கதவு. ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை செய்துவந்தார். தைத்து வரும் பனியன்களை மேசையில் விரித்து, ஓட்டை, கறை, தையல் பிசகு பார்த்து ஒதுக்க வேண்டும். புதிதாக ஒரு துணி வரத் தொடங்கியதிலிருந்து, அதை விரித்தாலே கண்ணில் நீர் வழிகிறது, விரலிடுக்கெல்லாம் வெடிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். "நடிக்காதக்கா, ஷிப்மென்ட் நிக்குது" என்றாராம் சூப்பர்வைசர். வீட்டில் அவர் கணவர், "அத்தன பொம்பளைங்க நிக்கறாங்க, உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்று கேட்டதைச் சுவர் வழியாக நானே கேட்டிருக்கிறேன்.

பக்கத்தில் நிற்கும் பெண்களிடம் விசாரிக்கக் கூடாதா என்றேன்.

"மேசையில பேச உடமாட்டாங்க கண்ணு. வெளிய வந்தாலும், எங்க வேல போயிருமோன்னு ஒருத்தியும் வாயத் தொறக்கமாட்டா."

அவர் போனில் எங்கள் தளத்தைத் திறந்துகொடுத்தேன். அவரே எழுதினார்: 'புதுத் துணிய விரிச்சா கண்ணு எரியுதுங்க, கையெல்லாம் வெடிக்குதுங்க. எனக்கு மட்டுந்தானுங்களா?'

விதிப்படி அது தரம் குறைந்த கேள்வி. மறுநாள் தோழி அதைத் திருத்தினாள்: 'துணியிலுள்ள ரசாயனத்தால் கண் எரிச்சலும் கைவெடிப்பும் ஏற்பட்டால் என்ன செய்ய வேண்டும்?' நானும் படித்துப் பார்த்துச் சரியென்றேன். அதுவரை தளத்துக்கு வந்தவற்றிலேயே சிறந்த பதிலும் அதற்குத்தான் வந்தது. எழுதியவர் ஒரு செவிலியர். கண்ணை எப்படிக் கழுவுவது, எந்தக் கையுறை அணிவது, எப்போது மருத்துவரிடம் போவது என்று பொறுமையாக விளக்கியிருந்தார். அதை முகப்பில் வைத்தோம்.

அக்காவின் கணவரும் அதைப் படித்தார். "டாக்டரப் பாக்கச் சொல்லுது பாரு. கோளாறு உன்ற ஒடம்புலதான்."

சில வாரங்களில் அக்கா வேலையை விட்டார். சாமளாபுரத்தில் கணவரின் அண்ணனுக்குத் தறிக்கூடம் இருந்தது. குடும்பமே அங்கே போயிற்று. "ஆவாத ஒடம்ப வெச்சுட்டு மேசையில நின்னு என்ன பண்றது கண்ணு" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியேறினார். தன் பெயரில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர், அதன் பிறகு உறவுக்காரர் தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பவர் ஆனார்.

நீக்கப்பட்ட பதிவுகள் எங்கள் தளத்தில் சில காலம் ஒதுங்கிக் கிடக்கும். பிறகுதான் முற்றிலும் அழிப்போம். அப்படி அழிக்க உட்கார்ந்தபோதுதான் அக்காவின் கேள்விக்குக் கீழே இருந்தவற்றைச் சேர்த்துப் படித்தேன். 'எனக்கும் அப்படித்தாங்க.' 'எங்க மேசையிலயும் இருக்குதுங்க.' 'ஏனுங்க, அந்த வெள்ளத் துணிங்களா? நானும் பயந்துட்டு யார்த்துட்டயும் சொல்லல.' சிலவற்றைத் தோழி நீக்கியிருந்தாள், சிலவற்றை நான். எல்லாமே விதிப்படி. அக்கா கேட்டதற்கு வந்த பதில்கள் அவைதாம். செவிலியர் எழுதியது நாங்கள் கேட்ட கேள்விக்கு.

பஸ் ஏறிச் சாமளாபுரம் போனேன். தறிச் சத்தத்தில் பேச முடியாமல் அக்கா வெளியே வந்தார். போனை வாங்கி, எழுத்துகளைப் பெரிதாக்கி, ஒவ்வொன்றாகப் படித்தார். விரல்கள் ஆறியிருந்தன.

"அப்ப நா நடிக்கல."

"அது உங்களுக்கே தெரியுமேக்கா."

"தெரியுங் கண்ணு. ஆனா எல்லாருஞ் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துருச்சு." போனைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "இத மறுபடியும் போட முடியுங்களா? ஊட்டுக்காரரு பாக்கோணும்."

தோழியிடம் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. ஆனாலும் உடனே சம்மதிக்கவில்லை.

"எந்த மேசைன்னு கம்பெனிக்காரங்க கண்டுபுடிச்சிருவாங்க. எழுதுனவங்களுக்கு வேல போச்சுன்னா நம்மால வாங்கிக் குடுக்க முடியுமா? அவிங்கள ஒருக்காக் கேட்டுட்டுப் போடலாம்."

அதுவும் சரிதான். தளத்தின் வழியாகவே ஒவ்வொருவருக்கும் எழுதினோம். பெரும்பாலோரிடமிருந்து மறுமொழி இல்லை. தங்கள் வார்த்தை காணாமல் போன நாளுக்குப் பிறகு அவர்கள் தளத்துக்கு வந்திருக்கவே இல்லை. ஒருவர் 'வேண்டாமுங்க, புள்ள படிக்குது' என்று எழுதினார். ஒருவர் மட்டும் 'போடுங்க' என்றார். அந்த ஒன்றையும், அக்கா எழுதியபடியே அவர் கேள்வியையும் திரும்ப வைத்தோம்.

இரண்டு நாள் கழித்து அக்கா போனில் கூப்பிட்டார்.

"காட்டுனேன் கண்ணு. 'ஒருத்திதான? அவளும் உன்னயாட்டத்தான் இருப்பா'ங்கறாரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு, வேலை கிடக்கிறது என்று வைத்துவிட்டார்.

இப்போது எங்கள் தளத்தில் 'எனக்கும்' என்று வருவதை நாங்கள் நீக்குவதில்லை. கேட்டவரைக் கேட்காமல் கேள்வியைத் திருத்துவதுமில்லை. ரோஜாப்பூக்களை மட்டும் நீக்குகிறோம். அக்கா சாமளாபுரத்தில்தான் இருக்கிறார். செக்கிங் வேலைக்குத் திரும்பவில்லை.