அவருடைய பங்கு

ஒருவர் இறந்த எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, அவருக்குப் பிடித்த சாப்பாடெல்லாம் செய்து படைப்பது எங்கள் வழக்கம். என் கணவருக்கும் படைத்தோம். கொழும்பு வெள்ளவத்தை ஃபிளாட்டின் ஹோலில் வாழையிலை விரித்து ஆட்டிறைச்சிக் கறி, இறால் பொரியல், கடலை வடை என்று இலை கொள்ளாமல் வைத்தோம். அவர் பின்னேரங்களில் காலி வீதிக் கடையில் வாங்கிவரும் மட்டன் ரோல்ஸும் இருந்தது. மச்சாள் ஒருத்தி ஒருவருக்கும் தெரியாமல் அரைப் போத்தல் சாராயத்தையும் ஓரமாகச் செருகிவிட்டாள். எல்லா வீட்டிலும் அந்தப் படையல் அன்றோடு முடிந்துவிடும்.

என் வீட்டில் முடியவில்லை. முப்பத்தோராம் நாள் கழிந்து மகளும் கனடாவுக்குத் திரும்பிப் போன பிறகு, பின்னேரமானால் வீட்டுக்குள் இருக்கப் பயமாக இருந்தது. ஒரு நாள் செருப்பை மாட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். அவர் எப்போதும் இரண்டு ரோல்ஸ் வாங்குவார், தனக்கொன்று, எனக்கொன்று. அங்கே காசு வாங்குகிற முஸ்லிம் அண்ணரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு என்னை முகம் தெரியும்.

"ஐயா வரல்லையா?" என்று கேட்டார்.

"அவருக்குக் கால் ஏலாது. வீட்டில இருக்கிறார்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நானா இரண்டைக் கட்டித் தந்தார். வீட்டுக்கு வந்து ஒன்றை அவருடைய படத்துக்கு முன்னால் வைத்தேன். மற்றதை நான் சாப்பிட்டேன். பிறகு அவருடையதையும் எடுத்துச் சாப்பிட்டேன். அவருக்கு வைத்ததை எறியவா முடியும்? அன்றுதான் கனநாளைக்குப் பிறகு எனக்கு நித்திரை வந்தது. அதுதான் வினையாகப் போனது.

பிறகு ரோல்ஸோடு நிற்கவில்லை. ஒரு ஆளுக்குச் சோறு காய்ச்ச எனக்குக் கை வராது. இரண்டு பேருக்குக் காய்ச்சி, சாப்பாட்டுக் கோப்பையில் அவருக்கும் போட்டுவைத்து, கடைசியில் இரண்டையும் நானே முடிப்பேன். பசி என்று சொல்லமாட்டேன். பசியென்றால் சாப்பிட்டதும் தீருமே. வாயில் ஏதாவது இருக்கும்வரை அழுகை வராது, அவ்வளவுதான். விழுங்கி முடிந்ததும் என்மேலேயே அருவருப்பு வரும். அந்த அருவருப்புக்கும் மருந்து ஃப்ரிஜ்ஜுக்குள்தான் இருந்தது.

பிளவுஸ்களின் பக்கத் தையலைப் பிரித்துப் பிரித்து இனிப் பிரிக்கத் துணியில்லை. லிஃப்ட் பழுதான நாட்களில் ஒவ்வொரு மாடியிலும் நின்று, யாரையோ பார்த்துக்கொண்டிருப்பவள் போல நடித்து மூச்சு வாங்குவேன். மகள் வீடியோவில் வந்தால் முகம் மட்டும் தெரிகிற மாதிரி ஃபோனைப் பிடிப்பேன்.

"சாப்பிட்டீங்களோ அம்மா?" என்பாள்.

"ஓம் பிள்ளை, சாப்பிட்டனான்."

அவள் கேட்கிற எத்தனையோ கேள்விகளில் அந்த ஒன்றுக்கு மட்டும் நான் பொய்யே சொன்னதில்லை.

குனிந்து காலைப் பார்க்க வயிறு விடாது. அதனால் பெருவிரலுக்குக் கீழே வந்த புண்ணை நான் காணவில்லை; மரத்துப்போன காலில் நோவும் தெரியவில்லை. நிலத்தில் ஈரமாக ஏதோ பட்டிருக்கிறதே என்று துடைத்தபோதுதான் அது என் காலிலிருந்து வருகிறது என்று தெரிந்தது. டொக்டர் என் மகளின் வயதுப் பெண். மருந்து கட்டியபடியே கதைத்தாள்.

"அன்ரி, சுகர் இறங்காட்டி இந்தப் புண் ஆறாது. இப்பிடியே விட்டா விரலோட நிக்காது, காலையும் எடுக்க வேண்டி வரும். பின்னேரத்தில என்ன சாப்பிடுறனீங்கள்?"

சொன்னேன்.

"ரெண்டு ரோல்ஸ் ஏன் அன்ரி? முதல் ஒண்டைக் குறையுங்கோவன்."

தலையாட்டினேன். அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? என்னுடையதை அன்றைக்கே விட்டிருப்பேன். அவருடையதை எப்படி விடுவது?

ஆனாலும் கால் போய்விட்டால் என்ன செய்வேன் என்று பயந்துதான் இருந்தேன். தனி மனுஷி, நாலாம் மாடி. என்னை யார் கழுவி எடுப்பது? ஒன்று மட்டும் வாங்குவது, அதை அவருக்கு வைப்பது, பிறகு பாதியைக் காகத்துக்குப் போடுவது என்று முடிவெடுத்துக்கொண்டு, கட்டுப்போட்ட காலோடு அன்று பின்னேரம் கடைக்குப் போனேன். நானா என்னைக் கண்டதுமே இரண்டைப் பையில் போட்டுவிட்டார்.

"நானா, இண்டைக்கு ஒண்டு மட்டும் காணும்."

"ஏன், ஐயாக்கு வேணாமா?" அவர் முகத்தில் உண்மையான கவலை இருந்தது. "அவர்ட கால் இப்ப எப்பிடி?"

எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். அவர் செத்துவிட்டார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மச்சாள்மாருக்குத் தெரியும், வங்கிக்காரனுக்குத் தெரியும், கீழே நிற்கிற வாச்சருக்கும் தெரியும். கொழும்பு முழுக்க இந்த ஒரு கடையில்தான் அவர் இன்னும் உயிரோடு இருந்தார்.

"இப்ப கொஞ்சம் சுகம்" என்றேன். "அவருக்கும் போடுங்கோ."

நானா சிரித்துக்கொண்டே பையை நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு நொண்டி நொண்டி வீட்டுக்கு நடந்தேன்.