தேதியிடாத பதினோரு தாள்கள்

தனியார் கம்பெனி ஒன்று பிறக்க இரண்டு பேர் வேண்டும் என்பது அப்போதைய சட்டம். கார்டிஃப் நகரில், கம்பெனிகளைப் பதிந்து வைத்து விற்கும் பெடோஸின் அலுவலகத்தில், அந்த இரண்டு பேர் கெத்தின் பியூவும் அவர் மனைவி ஐர்வெனும். கம்பெனியின் நோக்கத்தையும் விதிகளையும் சொல்லும் ஆவணங்களில் இருவரும் கையெழுத்திடுவார்கள். ஆளுக்கு ஒரு பங்கு. அவர் இயக்குநர், அவள் செயலாளர். பதிவாளர் சான்றிதழ் தரும் நாள்தான் அதன் பிறந்த நாள். பிறகு அது அலமாரியில் காத்திருக்கும். புதிதாகப் பதியக் காத்திருக்க நேரமில்லாமல் அவசரத்தில் வருகிறவர் வாங்கிக்கொண்டால், இருவரும் பங்கை மாற்றிக் கொடுத்துவிட்டு விலகிவிடுவார்கள்.

பத்தொன்பது வருடம் இதுதான் பிழைப்பு. பெயர் வைப்பது ஐர்வென். ஜாம் புட்டி, பஸ் பலகை, எதிலிருந்தும் எடுப்பாள்.

"பெத்து, பேர் வெச்சு, வித்துடறோம். நம்மள மாதிரி அப்பா அம்மா எங்கயாவது உண்டா?" என்பாள்.

கம்பெனி பிறந்த அன்றே விலகல் கடிதத்திலும் பங்கு மாற்றத் தாளிலும் அவள் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவாள். தேதி மட்டும் காலி. விற்கும் நாளில் அதை நிரப்பினால் போதும்.

பிப்ரவரியில் அவள் இறந்தபோது அலமாரியில் பதினோரு கோப்புகள் இருந்தன. கெத்தின் அவற்றைப் பின்வரிசைக்குத் தள்ளினார். விற்பனைப் பட்டியலிலும் சேர்க்கவில்லை. உயிலை நிறைவேற்ற அவருக்கு நீதிமன்றம் கொடுத்த தாள் ஜூனிலிருந்து மேஜை இழுப்பறையிலேயே கிடந்தது. ஜூலையில் சட்டம் மாறியது.

"இனிமே ஒருத்தரே போதுமாம்" என்ற பெடோஸ், சொன்ன பிறகு தரையைப் பார்த்தார்.

"நல்லதுதான். பேப்பர் மிச்சம்" என்றார் கெத்தின்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, கூரை வேயும் ஒப்பந்தக்காரி ரோஸலி வந்தாள். திங்கட்கிழமைக்குள் கம்பெனி வேண்டும். பழைய பட்டியலைப் புரட்டி 'லார்க்ஃபோல்ட்' என்ற பெயரில் விரல் வைத்தாள். பெடோஸ் பின்வரிசையிலிருந்து கோப்பை எடுத்து வந்தார்.

"கையெழுத்துதான் இருக்கேப்பா. தேதியப் போடு, முடிஞ்சுது."

கெத்தின் பேனாவைத் திறந்தார். இன்றைய தேதி போட்டால், இன்று காலை ஐர்வென் வந்து விலகிப்போனதாக ஆகும். ஜனவரி என்று போடலாம். ஜனவரியில் அவளால் கரண்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

"செத்தவங்க எப்படி சார் ராஜினாமா பண்ணுவாங்க? செத்த அன்னிக்கே பதவி போயிடுச்சு. பங்கு என் கைக்கு வந்துடுச்சு. நான்தான் மாத்திக் கொடுக்கணும்."

"அப்போ கம்பெனி?"

"அது பாட்டுக்கு இருக்கு. அதுக்கு ஒண்ணும் ஆகல."

நீதிமன்றத் தாளை வெளியே எடுத்தார். உறுப்பினர் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே 'மறைவு, பிப்ரவரி 11' என்று எழுதினார். எட்டு மாதமாக அவர் எங்கும் எழுதாத சொல். பிறகு போய் மீதிப் பத்துக் கோப்புகளையும் எடுத்து வந்தார்.

"ஒண்ணுதானேப்பா கேட்டாங்க?"

"எழுத ஆரம்பிச்சாச்சு சார்."

பதினொன்றிலும் ஒரே எழுத்து, ஒரே மை. அவள் கையெழுத்திட்ட தாள்களைக் கிழிக்காமல் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை ரோஸலி கோப்பைப் பிரித்துப் பார்க்காமலே கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"பேரு ரொம்பப் பிடிச்சிருக்கு. யாரு வெச்சது?"

"என் வீட்டுக்காரி."

"நான் கேட்டேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்" என்று கதவைத் திறந்துவிட்டார் கெத்தின்.