ஜனவரி ஒன்றாம் தேதி வரிகள்

எங்கள் மருத்துவமனையில் அவனை ஜோசியர் என்றுதான் கூப்பிடுவோம். வேலை என்னவோ இன்டர்நெட் போன்களைப் பார்த்துக்கொள்வது. மொத்தம் நாற்பது போன்கள். ஒவ்வொன்றும் தனக்கு நடப்பதையெல்லாம் தேதி, நேரத்தோடு வரி வரியாக எழுதி சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தக் குவியலுக்கு லாக் என்று பெயர். அதைப் படித்து, எந்த போனுக்கு என்ன கோளாறு என்று நாற்காலியை விட்டு அசையாமலேயே சொல்லிவிடுவான். தலைக்கனம் இல்லாமல் இருக்குமா? மருந்துக் கவுன்ட்டரில் நிற்கும் என்னிடம்கூட பாதி வார்த்தைதான் பேசுவான்.

இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அவனுடைய அக்கா. பதினோரு வருஷம் வரவேற்பு மேசையில் போன் எடுத்தவள். மேனேஜர் அறை வாசலில் நின்று, "என் தம்பிக்கு ஒரு வழி பண்ணுங்க சார்" என்று அவள் கெஞ்சியதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, மூச்சுத்திணறலில் தவித்த கணவருக்காக ஒரு பெண் எங்களை ஆறு முறை கூப்பிட்டிருக்கிறாள். யாரும் எடுக்கவில்லை. ஏதோ வண்டி பிடித்து வந்து சேர்ந்தபோது மனிதருக்கு நினைவில்லை. பிழைத்துக்கொண்டார். ஆனால் புகார் மேலே போய்விட்டது.

"மணி அடிக்கவே இல்ல சார். நான் சீட்டை விட்டு எந்திரிக்கவே இல்ல," என்றாள் அக்கா.

ஜோசியர் லாக்கை அச்செடுத்து வந்தான். ஆறு அழைப்பும் அவள் மேசைக்குப் போயிருந்தன. ஆறுக்கும் நேராக "பதில் இல்லை". போன் பழுதானதாக ஒரு வரிகூட இல்லை.

"லாக் பொய் சொல்லாதுக்கா," என்றான், அத்தனை பேர் முன்னாலும். "கவனிக்காம விட்டிருப்ப. ஒத்துக்கோ."

அன்றைக்கே மேனேஜர் அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். சாயங்காலம் டிராயரில் இருந்த சீப்பையும் கண்ணாடிக் கூட்டையும் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

மூன்று வாரம் கழித்து, அந்த மேசைக்கு வந்த புதுப்பெண் என்னிடம் புலம்பினாள். "இந்த போன் அப்பப்ப தானா செத்துப் பொழைக்குதுங்க."

ஜோசியரை இழுத்துக்கொண்டு போனேன். கண்ணெதிரே திரை அணைந்து, மறுபடி எரிந்தது. எந்தக் காலத்திலோ கழிந்த ஒரு வருஷத்து ஜனவரி ஒன்று என்று தேதி காட்டியது. சர்வரிடம் சரியான நேரம் கேட்டு வாங்கும்வரை அப்படித்தான் காட்டுமாம்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தினமும் காலையில் போன்களுக்கு மின்சாரம் போட்டதும் இந்தத் தப்புத் தேதியோடு வரிகள் கொட்டும். படிக்க இடைஞ்சல் என்று, அவற்றை வந்தவுடன் அழித்துவிடும்படி போன வருஷமே சர்வரில் எழுதி வைத்திருந்தான். அன்று அந்த போன் செத்துச் செத்து எழுந்ததைச் சொன்ன வரிகளும் அதே தேதியில்தான் வந்திருக்கும். செத்துக் கிடந்த போனுக்கு அழைப்பை அனுப்பினாலும் சர்வர் "பதில் இல்லை" என்றுதான் எழுதும். அக்காவுக்கு இருந்த ஒரே சாட்சியைக் குப்பை என்று வாரிக் கொட்டியிருக்கிறான், மேதாவி.

அவன் போய்ச் சொன்னதை மேனேஜர் அரை நிமிஷம் கேட்டார். "அப்ப அன்னிக்கு நீங்க குடுத்தது தப்பு ரிப்போர்ட்டா? எழுதிக் குடுங்க. அக்காவைத் திரும்ப எடுத்துக்கறேன், உங்களை அனுப்பிடறேன்."

"யோசிச்சுச் சொல்றேன் சார்," என்று வெளியே வந்தான். இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறான்.

சாப்பாட்டு இடைவேளையில் தினமும் தன் மேசை போனிலிருந்து அக்காவுக்கு போன் போடுகிறான். நேற்றும் போட்டான்.

"எடுக்கலையா? வெளிய போயிருப்பாங்க," என்றேன்.

லாக் ஓடும் திரையை என் பக்கம் திருப்பினான். "இல்லண்ணே. மணி அடிச்சிருக்கு. அவதான் கட் பண்ணியிருக்கா."

"லாக் தப்பாக் காட்டுதோ என்னமோ," என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

"இல்லண்ணே," என்றான். "இந்த வரி சரி."