வாசிக்காமல் வைத்த கையெழுத்து

பிள்ளைகளே, அம்மாவின் இடது கை ஏன் முழுதாக நிமிர்வதில்லை என்று போன கிழமை சின்னவன் கேட்டான். மூத்தவள் உடனே எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். அவளுக்குத் தெரியும். மற்றவர்களும் அதை என்னிடமிருந்தே அறிய வேண்டும்.

அப்போது நாங்கள் வவுனியாவில், அரிசி ஆலைக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு ஆலையில் நெல் அவிக்கிற வேலை. அம்மா தையல் வகுப்புக்குப் போக ஆசைப்பட்டார். நான் வேண்டாம் என்றேன். கிணற்றடியில் கதை வளர்ந்தது. அவர் திருப்பிக் கதைத்ததும் நான் தள்ளினேன். சீமெந்துத் தரையில் கையூன்றி விழுந்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஆஸ்பத்திரியில் அவர், வழுக்கி விழுந்ததாகச் சொல்லித் துண்டுச் சீட்டிலும் அப்படியே எழுதுவித்தார்.

உங்கள் மாமா, அம்மாவின் தம்பி, அதை நம்பவில்லை. நேரே பொலிசுக்குப் போய், நான் விறகுக்கட்டையால் அடித்ததாக முறைப்பாடு கொடுத்தார். என்னையும் கூப்பிட்டார்கள். நான் நடந்ததைத் தமிழில் சொன்னேன். எழுதினவர் சிங்களத்தில் எழுதினார். கையெழுத்து வை என்றார், வைத்தேன். சோதனைச் சாவடிகளில் நீட்டின தாளிலெல்லாம் கையெழுத்து வைத்துப் பழகின கை. வழக்குக்கு நான் பிடித்த சட்டத்தரணி அதைத் தமிழில் சொன்னபோதுதான் தெரிந்தது, விறகால் அடித்ததாக நானே ஒப்புக்கொண்டிருக்கிறேன் என்று. நீதிமன்றம் அதை நம்பினால் எனக்கு வீடும் இல்லை, நீங்களும் இல்லை.

சட்டத்தரணி பயப்படவில்லை. வாசித்துக் காட்டாத வாக்குமூலம் நிற்காது, ஆஸ்பத்திரித் துண்டும் எங்கள் பக்கம் என்றார்.

“உம்மட மனுசியே வழுக்கி விழுந்ததெண்டு சொல்லியிருக்கிறா. நீர் வாய் திறக்காமல் நிண்டால் காணும்.”

எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. பொய் சொல்லவில்லைத்தானே, சும்மா நிற்பதுதானே என்று நினைத்தேன்.

விசாரணை நாளன்று நீதிமன்ற விறாந்தையில் மாமா என்னைக் கடந்து போனார்.

“என்ன அத்தான், இண்டைக்கு விறகுக்கட்டை கொண்டு வரேல்லையோ?”

நான் அங்கே கிடந்த வாங்கில் குந்தினேன். பக்கத்து வாங்கில் சிறுவர் நன்னடத்தைப் பெண் அலுவலர் ஒருவர், அம்மாவுக்கு என்ன நடந்தது என்று மூத்தவளிடம் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். மூத்தவளுக்கு அப்போது ஏழு வயது. நான் தள்ளின அன்று பப்பாசி மரத்தடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவள்.

“வழுக்கி விழுந்தவா,” என்றாள். சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

நான் எழும்பிச் சட்டத்தரணியிடம் போனேன்.

“விறகால அடிக்கேல்லை எண்டதுக்கு விடாமல் வாதாடுங்கோ ஐயா. தள்ளினதை நான் சொல்லப் போறன்.”

“அதைச் சொல்லுறதுக்கு உமக்கு லோயர் எதுக்கு ஐசே?”

“விறகுக்கு,” என்றேன்.

நீதவானுக்கு முன்னால் போய் நின்றேன். தையல் வகுப்பிலிருந்து தொடங்கி முழுவதையும் சொன்னேன். அம்மா தலையை உயர்த்தி என்னைப் பார்த்தார். அது கோபமா ஆறுதலா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. சட்டத்தரணியும் தன் வேலையைச் செய்தார். அடித்த காயம் ஒன்றும் இல்லை என்ற வைத்தியரின் அறிக்கையைக் காட்டினார். அந்த வாக்குமூலத்தை நீதவான் தள்ளி வைத்தார். நான் தள்ளினதைத் தள்ளி வைக்கவில்லை. மூன்று மாதம் வீட்டுப் பக்கம் போகக் கூடாது, ஒரு வருடத்துக்குக் கண்காணிப்பு, ஞாயிறுகளில் அந்த அலுவலருக்கு முன்னால் மட்டும் உங்களைப் பார்க்கலாம் என்று கட்டளையிட்டார். ஓம் என்றேன்.

கட்டளையின் தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஆலைக்கு வந்தேன். அன்று நெல் அவியல் இல்லை. ஆறிக் கிடந்த அடுப்புக்குப் பக்கத்தில் தனியே குந்தியிருந்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். விளங்காத இடத்தை இரண்டாம் தரமும் வாசித்தேன். பிறகு பேனையை எடுத்து, ஒருவரும் கேட்காமலே, கடைசி வரிக்குக் கீழே கையெழுத்து வைத்தேன்.