சுந்தரலிங்கம் மாஸ்டரின் வலது கால்

கண்டியில் நாற்பது வயதுக்கு மேல் கார் ஓட்டப் பழக விரும்பும் பெண்கள் பெரும்பாலும் சுந்தரலிங்கத்தைத் தேடித்தான் வருவார்கள். அவர் சத்தம் போடமாட்டார் என்பதே காரணம். ஏற்றத்தில் வண்டி நின்றுபோய், பின்னால் பஸ்காரன் ஹோர்னை அழுத்திக்கொண்டே இருந்தாலும், "அவரு அவசரம் அவருக்கு. நீங்க கிளச்ச மெதுவா விடுங்க" என்பார். எல் போர்டு மாட்டிய அந்தக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. பழகுபவர் பதறினால் அவருடைய வலது கால் முந்திக்கொள்ளும். அவருடைய அப்பா மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் லொறி ஓட்டியவர். வண்டிப் பழக்கம் அவர் மூலம் வந்தது.

அறுபதைத் தாண்டிய பிறகு சிறுநீர் போவதில் தொல்லை வந்தது. இரத்தப் பரிசோதனையில் தொடங்கி, புரஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்பதில் போய் முடிந்தது. சுரப்பியை முழுதாக வெட்டி எடுத்தார்கள். சில மாதம் சிறுநீரை அடக்க முடியவில்லை. கறுப்புக் காற்சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, இரண்டு பாடங்களுக்கு நடுவில் அம்பிட்டியவிலுள்ள வீட்டுக்கு ஓடுவார். அதுவும் சரியானது. பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனையில் எண்ணே தென்படாத அளவுக்கு இறங்கிவிட்டது என்றார்கள். மனைவி ஞானேஸ்வரி கதிரேசன் கோயிலில் அர்ச்சனை செய்தாள். விஷயம் முடிந்தது என்று இருவரும் நினைத்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து அந்த எண் மறுபடி தலைகாட்டியது.

"சுரப்பியத்தான் எடுத்துட்டீங்களே டொக்டர். இல்லாத இடத்துல எப்படி வரும்?" என்று கேட்டார் சுந்தரலிங்கம். எதிரே இருந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண் டொக்டர்.

"ஓம் ஐயா, சுரப்பி இல்லத்தான். ஆனா நாங்க வெட்ட முன்னமே அதில இருந்த செல்லுகள் கொஞ்சம் வெளிய போயிருக்கலாம். கண்ணுக்கும் தெரியாது, ஸ்கானுக்கும் தெரியாது. அதுகள் எங்க போய் இருந்தாலும் இந்த எண்ணைக் கூட்டிக் காட்டிப்போடும்."

சுரப்பி இருந்த இடத்துக்குக் கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். எண் இறங்கியது. கொஞ்ச காலம் பேசாமல் கிடந்துவிட்டு, பிறகு மெல்ல ஏறத் தொடங்கியது. இந்த முறை டொக்டர் அவரைப் பக்கத்தில் இருத்தி விளக்கினார். இது பெரும்பாலும் எலும்பைத்தான் தேடிப் போகும், முதுகெலும்பு, இடுப்பெலும்பு. பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. முதுகு வலியோடு கால் பலமிழந்தால் அன்றைக்கே வரவேண்டும், மறுநாள் என்று தள்ளக்கூடாது.

சுந்தரலிங்கம் தலையாட்டிவிட்டு வந்தார். ஆனால் உடம்பில் எந்த நோவும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். நோவில்லாத உடம்பை ஏன் போய்க் கிளற வேண்டும் என்று தோன்றியது. அடுத்த பரிசோதனைக்குப் போகவில்லை. ஞானேஸ்வரி கேட்டபோது, "எல்லாம் சரியாத்தான் இருக்காம்" என்று சொல்லிவிட்டார். அதற்கடுத்ததற்கும் போகவில்லை.

முதுகின் அடியில் நாரி வலி வந்தபோது, இத்தனை வருடம் காரில் உட்கார்ந்ததன் கூலி என்று எடுத்துக்கொண்டார். சீட்டில் ஒரு குஷன் போட்டார். தைலம் தேய்த்துக்கொண்டார்.

அப்போது அவரிடம் பழகிக்கொண்டிருந்தவள் திகனயைச் சேர்ந்த சகீனா. துணிக்கடை வைத்திருந்த கணவன் இறந்த பிறகு, கடையும் வேனும் அவள் பொறுப்பில் வந்திருந்தன. கடையைக் கற்றுக்கொண்டுவிட்டாள், வேன் மட்டும் முற்றத்தில் நின்றது.

ஒருநாள் காலை குண்டசாலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது, சந்தியிலிருந்து ஒரு முச்சக்கர வண்டி குறுக்கே பாய்ந்தது. சகீனா திகைத்துப் போனாள். சுந்தரலிங்கம் பிரேக்கை மிதித்தார். மிதித்ததாக நினைத்தார். கால் இருந்த இடத்திலேயே இருந்தது. கடைசி நொடியில் சகீனாதான் மிதித்தாள். முச்சக்கர வண்டியை உரசுவதுபோல் கார் நின்றது.

"மாஸ்டர், நீங்க மிதிக்கல்லயா?"

"மிதிச்சேன்மா. கால் போகல."

இரண்டு கையாலும் தொடையைத் தூக்கிப் பார்த்தார். வேறு யாருடைய காலையோ தூக்குவதுபோல் இருந்தது. மற்றக் காலும் மரத்துப்போயிருப்பது அப்போதுதான் தெரிந்தது. டொக்டர் சொன்னது சொல்லுக்குச் சொல் ஞாபகம் வந்தது.

"ஒரு ஓட்டோ புடிச்சுக் குடுங்க. நான் பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்" என்று சொல்லி, என்ன நோய் என்பதையும் சுருக்கமாகச் சொன்னார்.

சகீனா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "ஓட்டோவில ஏறி இறங்க உங்களுக்கு ஏலுமா? கார்தான் ஈக்கிதே. நானே கொண்டு போறேன்."

"டவுனுக்குள்ள நீங்க ஓட்டினதே இல்லியே. என்னால பிரேக் புடிக்கவும் முடியாது."

"அது தெரியும் மாஸ்டர். நீங்க வாயால சொல்லுங்க."

அவர் சொன்னார். தென்னக்கும்புரப் பாலம் வரை ஒவ்வொன்றாகச் சொன்னார்: கியரை மாத்துங்க, கண்ணாடியப் பாருங்க, இடப்பக்கம் ஒதுங்குங்க. வாவிக்கரையில் வாகனங்கள் நெருக்கியபோது சகீனாவின் நெற்றி வியர்த்தது, ஆனாலும் வேகத்தைக் குறைத்து இடைவெளி விட்டாள். தாம் சொல்வதற்கு முன்பே அவள் செய்துவிடுகிறாள் என்று கண்டு, சுந்தரலிங்கம் பேச்சை நிறுத்தி, சீட்டில் சாய்ந்துகொண்டார். தம்முடைய காரில் அவர் பயணியாகப் போனது அன்றுதான்.

முதுகெலும்பில் பரவிய புற்று, நரம்புத் தண்டை அழுத்துகிறது என்று ஸ்கானில் தெரிந்தது. உடனே மருந்து ஏற்றினார்கள். மறுநாளே முதுகுக்குக் கதிர்ச் சிகிச்சை தொடங்கியது. நோய்க்குத் தீனியாக இருக்கும் ஆண் ஹோர்மோனை அடக்க, மூன்று மாதத்துக்கு ஒரு ஊசியும் போட்டார்கள்.

"இன்னும் பிந்தி வந்திருந்தா நடக்கிறது கஷ்டம்" என்றார் டொக்டர். "இது எலும்பில இருந்தாலும் எலும்புக் கேன்சர் இல்ல ஐயா. அந்தப் பழைய புரஸ்டேட் செல்லுகள்தான். முழுசா எடுக்க ஏலாது. ஆனா அடக்கி வச்சிருக்கலாம். கன பேர் வருசக்கணக்கில இருக்கினம்."

பரிசோதனைக்குப் போகாத கதை அங்கேயே வெளிப்பட்டது. ஞானேஸ்வரி டொக்டர் போகும்வரை பொறுத்திருந்தாள்.

"எங்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

"மறுபடி நீ கோயிலுக்கும் வீட்டுக்கும் அலையிறதப் பாக்க முடியல."

"அலையிறது எனக்குப் பெருசில்லங்க. தெரியாம இருந்தேன் பாருங்க, அதுதான் பெருசு" என்றாள். அதன்பின் ஒவ்வொரு பரிசோதனைக்கும் இருவருமாகவே போனார்கள்.

கால்களின் பலம் முழுதாக இல்லாவிட்டாலும் திரும்பியது. கைத்தடியோடு நடந்தார். ஊசியின் வேலையாகத் திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்துக் கொட்டும்; கண்டிக் குளிரில் விசிறியைப் போடச் சொல்வார். "மாதவிலக்கு நின்ன காலத்துல இத நான் அஞ்சு வருசம் அனுபவிச்சேன். அப்ப விசிறியப் போட்டா சளி புடிக்கும்னு நிப்பாட்டுனீங்க" என்பாள் ஞானேஸ்வரி. சுந்தரலிங்கம் சிரித்துவிடுவார். அவளுடைய அந்த ஐந்து வருடத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை என்பது அப்போது உறைத்தது. கேட்டார். அவளும் சொன்னாள்.

கார் ஓட்டப் பழக்குவதை அவரே நிறுத்திக்கொண்டார். பிரேக் பிடிக்கும் என்று நம்ப முடியாத காலை வைத்துக்கொண்டு இன்னொருவர் உயிரோடு விளையாட முடியாது என்றார். காரை அதே தொழிலில் இருந்த காளிமுத்துவிடம் ஒப்படைத்தார். சகீனா லைசன்ஸ் சோதனையில் முதல் தடவையே தேறினாள்.

நான்கு வருடமாயிற்று. எண் ஒருமுறை ஏறியது, ஊசியோடு ஒரு மாத்திரையும் சேர்த்தார்கள், இறங்கியது. காலை வெயிலில் சுந்தரலிங்கம் வாவியோரம் நடக்கிறார். களைத்தால் உட்காருகிறார். பக்கத்தில் உட்காரும் ஆண்களிடம் வயதைக் கேட்டு, அந்த இரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கூச்சப்படாமல் விசாரிக்கிறார்.