மால்டாக் குடும்பப் பெயரின் துனிஸ் கிளை

துபாயில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் என்னை யாரும் என் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். விருதுநகர் பக்கத்தில் எங்களுக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஏஜென்ட் சொன்னார். அந்த ஓரெழுத்தை விரித்து அப்பாவின் முழுப்பெயராக எழுதிக் கொடுத்தார். விசா, அடையாள அட்டை, ஆபீஸ் ஈமெயில், மேசையில் ஒட்டிய பெயர்ப்பலகை எல்லாவற்றிலும் அதுவே முன்னால் நின்றது.

அப்பா செத்துப்போயிருந்தால் அதைப் பெருமையாகக்கூட வைத்துக்கொண்டிருப்பேன். அவர் உயிரோடுதான் இருக்கிறார், எங்கள் ஊரிலேயே. எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அம்மாவை விட்டுவிட்டு வேறொரு பெண்ணோடு இரண்டு தெரு தள்ளிக் குடித்தனம் போனவர். அந்த வீட்டுப் பிள்ளையைப் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்துக்கொண்டு எங்கள் வாசல் வழியாகவே பைக்கில் போவார். ஒருநாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போய் என்னை என்ஜினியரிங் படிக்க வைத்தது அம்மா. அம்மாவின் பெயர் என் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு மூலையில் கிடக்கிறது.

ஒருநாள் மதிய இடைவேளையில் அம்மாவோடு ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தேன். யாரோ என்னை மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். அது அம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

“அந்தாளு பேரச் சொல்லியா ஒன்னயக் கூப்பிடுறாக?”

ஆமாம் என்றேன். மாற்ற முடியாதா என்று கேட்டாள். மாற்றலாம்தான், ஆனால் விசாவிலிருந்து டிகிரி வரைக்கும் அத்தனையையும் மாற்ற வேண்டும் என்றேன்.

“அப்ப இருந்துட்டுப் போகட்டும். ஆனா இனிமே எங்கிட்டப் பேசுறப்ப அந்த ஸ்பீக்கரப் போடாத தாயி.”

அந்த ஒரு சொல்லுக்காக ஆபீஸ் முழுவதையும் கொளுத்திவிடலாம் என்று இருந்தது எனக்கு.

இந்த நிலைமையில்தான் என் மேனேஜருக்குத் தன் குடும்பப் பெயர் மேல் பித்துப் பிடித்தது. அவர் மால்டாக்காரர், இத்தாலிக்குத் தெற்கே கடலில் உள்ள குட்டி நாடு. மால்டாவைச் சேர்ந்த கோசோ என்ற சின்னத் தீவில் ஒரு கிராமம் அவருடையது. அவருடைய குடும்பப் பெயர் மால்டாவிலேயே அபூர்வமானதாம். அந்தக் கிராமத்தைத் தவிர வேறெங்கும் கிடையாதாம். உலகத்தில் எங்கே அந்தப் பெயரைப் பார்த்தாலும் அவர்கள் தன் சொந்தக்காரர்கள்தான் என்று எல்லோரிடமும் சொல்வார். குடும்பத்தினர் எல்லோரும் ஊரில் கூடப் போகிறார்கள், அங்கே மாட்டுவதற்கு, அந்தப் பெயர்க்காரர்கள் உலகத்தில் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் ஒரு பெரிய வரைபடம் வேண்டும் என்று என்னிடம் வந்தார். துறைமுகங்களுக்குக் கடலடி ஆழத்தைக் காட்டும் வரைபடங்கள் போடுவதுதான் என் வேலை. மறுக்கத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் ஆசையாகக்கூட இருந்தது.

அவர் தகவல் கொடுத்தார், நான் புள்ளி வைத்தேன். கோசோவில் ஒரே கிராமத்தில் புள்ளிகள் எறும்புக் கூட்டம்போல் மொய்த்தன. பிழைப்புத் தேடிக் கப்பலேறியவர்கள் மெல்போர்னில் கொஞ்சம், டொராண்டோவில் கொஞ்சம், இங்கிலாந்தில் ஒன்றிரண்டு. துபாயில் ஒரே ஒரு புள்ளி, அவர். சந்தேகம் வரும்போது கேட்பதற்கு மெல்போர்னில் இருந்த வயதான அத்தை முறைப் பெண்மணி ஒருவரின் நம்பரையும் கொடுத்தார். அந்த அம்மாவோடு அடிக்கடி பேசினேன்.

ஒருநாள் மேனேஜர் என் பக்கத்தில் உட்கார்ந்து, உன் குடும்பப் பெயரையும் இப்படிப் போட்டுப் பாரேன் என்றார். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இது என் அப்பாவின் பெயர், என்னோடு முடிந்துவிடும் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, “அப்படியென்றால் உங்களையெல்லாம் தேடிக் கண்டுபிடிக்கவே முடியாது” என்றார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதற்காக அது எனக்கு உறைக்காமல் போய்விடவில்லை.

அவருடைய கணக்கில், முதல் மூதாதை இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து வாளோடு வந்த ஒரு குதிரைவீரன். வரைபடத்தின் மேல் மூலையில் குதிரைப் படமும் போடச் சொல்லியிருந்தார். எங்கள் அலுவலகத்தில் விசா வேலைகளைப் பார்க்கும், இந்த நாட்டு அரபியான எமிராத்தி இளைஞர் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, பெயரை வாய்விட்டுப் படித்தார். அது அரபிப் பெயராயிற்றே என்றார். முதல் அசை ‘பு’. இங்கே வளைகுடாவில் மூத்த மகன் பெயரோடு ‘பு’ சேர்த்துத்தான் அப்பாக்களைக் கூப்பிடுவார்கள். ‘பு’ என்றால் அப்பன். பட்டப்பெயரில் வந்தால் உடையவன், வைத்திருப்பவன். உங்கள் பெயருக்குக் கம்புக்காரன் என்று அர்த்தம், ஆடு மேய்த்திருப்பார்களோ என்னவோ என்று அன்பாகத்தான் சொன்னார்.

மேனேஜரின் முகம் சிவந்துவிட்டது. மால்டா மொழி வேறு, அரபி வேறு என்றார். இதே மனிதர் போனில் மனைவியிடம் மால்டா மொழியில் எண்ணும்போது, பக்கத்து மேசை சிரியாக்காரர் கூடவே எண்ணிக்கொண்டு போவார். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். அதை அங்கே யாரும் சொல்லவில்லை. எமிராத்தி இளைஞர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் வந்தார்.

துனிசியாக்காரர். ஷார்ஜாவில் ஒரு பல் மருத்துவமனையில் ரிசப்ஷனில் வேலை. குடும்ப ஒன்றுகூடலுக்காக மேனேஜர் இணையத்தில் தொடங்கியிருந்த பக்கத்தைப் பார்த்து இரண்டு தடவை எழுதியிருக்கிறார். பதில் வராததால் லீவு நாளில் நேரிலேயே வந்துவிட்டார். வரவேற்பறைப் பெண் உள்ளே வந்து, பார்க்க வந்தவரின் பெயரைச் சொன்னபோது நான் நிமிர்ந்து பார்த்தேன். அதே குடும்பப் பெயர். அரபியிலிருந்து மாற்றி எழுதியதில் ஓர் எழுத்து மட்டும் வேறு.

மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டு, “நான் சைட்டுக்குப் போயிருக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிடு” என்றார்.

வெளியே வந்தேன். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். விருந்துக்கு வந்தவர்போல் உடுத்தி, ஒரு பேரீச்சம்பழப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொல்லிக் கொடுத்த பொய் என் நாக்குவரைக்கும் வந்தது. முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. உள்ளேதான் இருக்கிறார், பார்க்க மாட்டேன் என்கிறார் என்று சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்துகொள்ளவில்லை. தன் கதையைச் சொன்னார். அவருடைய தாத்தா கோசோவிலிருந்து இளவயதில் துனிசியாவின் துனிஸ் நகரத்துக்குப் போனவர். அந்தக் காலத்தில் மால்டாக்காரர்கள் நிறையப் பேர் அங்கே குதிரை வண்டி ஓட்டினார்களாம். தாத்தாவும் ஓட்டினார். அங்கேயே ஒரு முஸ்லிம் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு மதம் மாறினார். துனிசியா சுதந்திரம் அடைந்ததும் மற்ற மால்டாக்காரர்களெல்லாம் மூட்டை கட்டியபோது அவர் மட்டும் போகவில்லை. பெயரை விடவும் இல்லை.

“எனக்கு இவரிடம் ஒன்றும் வேண்டாம்” என்றார். “தாத்தாவின் அம்மாவை எங்கே புதைத்தார்கள் என்று தெரிந்தால் போதும். என் அப்பா கேட்டுக் கேட்டே இறந்துபோனார்.”

நான் திரும்ப உள்ளே போனேன். இவ்வளவுதான் கேட்கிறார், சொல்லி அனுப்பிவிடுங்கள் என்றேன். மேனேஜருக்கு அந்தக் கல்லறை தெரியும். தெரியாது என்று அவர் சொல்லவே இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “பதில் சொன்னால் அவளைக் குடும்பம் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்” என்றார்.

எனக்குள் ஏதோ அறுந்தது. சாதாரணமாக நான் மேனேஜர்களிடம் குரல் உயர்த்துகிறவள் இல்லை. அஜ்மானில் ஒற்றைப் படுக்கையறை வீடும், அடுத்த வருடம் புதுப்பிக்க வேண்டிய விசாவும் உள்ளவர்கள் உயர்த்த மாட்டார்கள். அன்றைக்கு உயர்த்தினேன்.

“அந்தப் பெயரை அவர் திருடவில்லை. அவருடைய தாத்தா கொடுத்தது. பெற்ற பிள்ளைக்குத் தன் பெயரைக் கொடுத்துக் கூடவே இருந்த மனிதர் அவர். இந்த வரைபடத்தில் நான் வைத்த புள்ளிகளில் பாதிப் பேர் அவ்வளவுகூடச் செய்திருக்க மாட்டார்கள்.”

உனக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்டார். சம்பந்தம் இருக்கிறது என்றேன். என் சம்பந்தம் என்னவென்று சொல்ல முடியவில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன்போல் இருந்தது. அவர் முன்னால் அழுவதைவிட வேலையை இழப்பது மேல் என்று வெளியே வந்துவிட்டேன். அந்தப் பெண் அதற்குள் போய்விட்டிருந்தார். பேரீச்சம்பழப் பெட்டி வரவேற்பு மேசையில் இருந்தது. தன் போன் நம்பரை வரவேற்பறைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

சாயங்காலம் அஜ்மான் போகும் சாலையில் வண்டிகள் நகரவே இல்லை. கணவர் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் சிவகாசிக்காரர், சண்டை சச்சரவு பிடிக்காது.

“ஊர்ல ஒங்கப்பாவக் கேக்க வேண்டியத இவரப் போயிக் கேட்டிருக்க” என்றார்.

அது உண்மையாக இருந்ததால் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. உண்மையாக இருந்தால் என்ன? அப்பாவிடம் கேட்க முடியாததை வேறு எவரிடமும் கேட்கக் கூடாது என்று சட்டமா? வீடு வரும்வரை அவரிடம் பேசவில்லை.

மறுநாள் விடிந்ததும் மெல்போர்ன் அத்தையைப் போனில் கூப்பிட்டேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். துனிஸுக்குப் போன ஒருவர் உங்கள் குடும்பத்தில் உண்டா? அந்த அம்மா, உண்டு என்றார். வண்டிக்காரன். தன் அப்பாவுக்கு அண்ணன். மதம் மாறிவிட்டான் என்று தெரிந்த பிறகு வீட்டில் அவன் பெயரை எடுக்கக் கூடாது என்று உத்தரவு. எல்லோரும் கீழ்ப்படிந்தார்கள், அவனைப் பெற்றவள் மட்டும் கீழ்ப்படியவில்லை. சாகும்வரை வாசலில் நின்று அவன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அவளை ஊர் இடுகாட்டில், குடும்பப் பெயர் வெட்டிய கல்லுக்குக் கீழேதான் புதைத்தார்கள் என்று இடத்தையும் விளக்கமாகச் சொன்னார்.

“உங்கள் மேனேஜருக்கு இது தெரியும்” என்றும் சொன்னார். “சின்ன வயதில் எல்லோருக்கும் சொல்லித்தான் வளர்த்தார்கள், பேசாதே என்று.”

எல்லாவற்றையும் அந்தத் துனிஸ் பெண்ணிடம் போனில் சொன்னேன். இடத்தை எழுதிக்கொண்டு நன்றி என்றார். அன்றைக்கே வரைபடத்தில் துனிஸில் ஒரு புள்ளி வைத்தேன். மற்றப் புள்ளிகளுக்கு என்ன நிறமோ அதே நிறம், அதே அளவு. கோப்பை மேனேஜருக்கு அனுப்பினேன்.

அடுத்த வாரம் என்னை ஜெபல் அலி பக்கம் ஒரு சைட் ஆபீஸுக்கு மாற்றினார்கள். காரணம் ஏதும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போக ஒன்றரை மணி, வர இரண்டு மணி நேரம். தினமும் காரில் உட்கார்ந்து அந்த மனிதரைத் திட்டுவேன். தனியாக ஓட்டிக்கொண்டு போகும்போது சத்தமாகவே திட்டுவேன்.

கோசோவில் குடும்ப ஒன்றுகூடல் நடந்தது. அவர்களுடைய இணையப் பக்கத்தில் படங்கள் வந்தன. என் வரைபடம் சுவரில் பெரிதாக மாட்டியிருந்தது. மேல் மூலையில் குதிரை இருந்தது. துனிஸ் இருந்த இடத்தில் வெறும் காகித நிறம். யாரோ அழித்திருந்தார்கள். அழித்த இடத்தில் கடற்கரைக் கோடும் கொஞ்சம் போயிருந்தது. ஒரு புள்ளியை எடுப்பதற்காக ஒரு நாட்டின் கரையையே சேர்த்து அழித்திருக்கிறார்கள்.

துனிஸ் பெண் மால்டா விசாவுக்குப் போட்டார், மறுத்துவிட்டார்கள். திரும்பிப் போவார் என்பதற்கு நிச்சயமில்லையாம். மறுபடியும் போட்டார். இந்தத் தடவை மெல்போர்ன் அத்தை தன் கோசோ வீட்டில் தங்க வைப்பதாக அழைத்திருந்தார். கிடைத்தது. போய்வந்த பிறகு ஷார்ஜாவில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்.

இடுகாட்டுக் கதவு பூட்டியிருந்ததாம். சாவி வைத்திருந்தவர் மால்டா மொழியில் யார் என்று கேட்க, இவர் குடும்பப் பெயரைச் சொன்னாராம். எந்த வீடு என்று அடுத்த கேள்வி. இவர் துனிஸ் அரபியில், வண்டிக்காரர் வீடு என்றாராம். அந்த மனிதர் தலையை ஆட்டிவிட்டுக் கதவைத் திறந்துவிட்டாராம். கல்லைக் கண்டுபிடித்து, கழுவி, பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாவுக்காகக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்திருக்கிறார்.

சொல்லும்போது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு எளிதாகத் திறக்கக்கூடிய ஒரு கதவுக்காக அந்தக் குடும்பத்தார் இவருடைய அப்பாவைக் கேட்டுக் கேட்டே சாக விட்டார்கள். அதைச் சொன்னேன். அவர் என் டீயை என் பக்கம் நகர்த்தி, ஆறிவிடும், குடி என்றார்.